பழைய எம்எக்ஸ்-5: பின் பிரேக் பிடித்துக்கொள்கிறது, ஹேண்ட்பிரேக்கோ நிற்கவில்லை. கேபிளை இறுக்கலாமா?

சாவிக்கொத்து:

வண்டி மஸ்தா எம்எக்ஸ்-5, 2001, இரண்டாம் தலைமுறை என்பி, 1.8 எஞ்சின். ஓடுவது இங்கிலாந்தில், குளிர்காலத்திலும். அதாவது உப்புப் போட்ட ரோடு.

பதினைந்து மைல் ஓட்டி நிறுத்தினால் பின் இடது சக்கரம் மட்டும் சூடு. அந்த ரிம்மில் கருப்புத் தூசியும் அதிகம். ஹேண்ட்பிரேக் 10 கிளிக் வரை மேலே வருகிறது, அப்போதும் சரிவில் வண்டி மெல்ல நழுவுகிறது. எம்ஓடி சோதனையில் (வண்டி ஓடத் தகுதியானதா என்று இங்கே வருடாவருடம் பார்ப்பது) ஹேண்ட்பிரேக் தட்டுத்தடுமாறித்தான் தேறியது; பின் இடது பிரேக் லேசாகப் பிடிப்பதாக ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறது. கால்பிரேக்கில் குறை தெரியவில்லை. பெடல் கெட்டியாக இருக்கிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை.

புரியாதது இதுதான்: ஒரே பிரேக் விடாமல் பிடிக்கவும் செய்கிறது, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமலும் போகிறது. எப்படி? உள்ளே ஹேண்ட்பிரேக் லீவரடியில் கேபிளை இறுக்கினால் தீருமா? கேலிப்பரையே மாற்ற வேண்டுமா, கழற்றிச் சுத்தம் செய்தால் போதுமா?

முன் பேட் மாற்றிப் பழக்கம் உண்டு. பின் கேலிப்பரைத் தொட்டதில்லை. ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, டார்க் ரெஞ்சு, ஜி கிளாம்ப் இருக்கின்றன.

நெம்புகோல்:

கேபிளை இப்போது தொடாதீர்கள். இந்த வேலையில் கேபிள் கடைசி. முதலில் அதை இறுக்கினால் எம்ஓடியை வேண்டுமானால் தாண்டலாம், கேலிப்பர் இன்னும் மோசமாகும்.

இந்த வண்டியில் பின் கேலிப்பரின் (பேடை டிஸ்கோடு அழுத்தும் பாகம்) ஒரே பிஸ்டனை இரண்டு வழியில் தள்ளுகிறார்கள். காலால் மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம். கையால் இழுத்தால் கேலிப்பர் முதுகில் இருக்கும் சின்ன லீவர் திரும்பும், அதன் தண்டு கேலிப்பர் உடம்புக்குள் சுழன்று, பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் மரைத்தண்டை முன்னே தள்ளும். அந்தத் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் பூட், அதாவது உறை. இருபது வருடத்தில் அது வெடித்துவிடும். உப்புத் தண்ணீர் இறங்கும், தண்டு துருப்பிடிக்கும். பிறகு கையை விட்டாலும் லீவர் முழுசாகத் திரும்பாது, 2 மி.மீ., 3 மி.மீ. பாக்கி வைத்து நின்றுவிடும். அந்தப் பாக்கிதான் பேடை டிஸ்கோடு உரசவைக்கிறது. சூடு அங்கேதான் வருகிறது.

ஹேண்ட்பிரேக் ஏன் பலவீனம்? லீவர் தன் ஓட்டத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே செலவழித்துவிட்டது. மீதி ஓட்டத்தைத் துரு தின்கிறது. உங்கள் கை போடும் பலம் தண்டைத் திருப்பவே போகிறது, பேடை அழுத்தப் போவதில்லை. பிடிப்பதும் பிடிக்காததும் ஒரே நோய்.

ஆனால் சக்கரம் சூடாவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரியாமல் பாகம் வாங்க வேண்டாம். அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுத்தான் சோதிக்கப் போகிறோம், ஆகவே அந்தக் கட்டைகள்தான் வண்டியைப் பிடிக்கும். பின் சக்கர நட்டுகளை (21 மி.மீ.) தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியைப் பின் சப்ஃபிரேமில் கொடுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் உடம்பு விளிம்பின் (சில்) பின் முனையில் கொடுக்காதீர்கள். இந்த வண்டியில் முதலில் துருப்பிடித்து உளுப்பது அந்த இடம்தான், வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் ஜாக்கி உள்ளே போய்விடும். பின்பக்கம் இரண்டு சக்கரமும் தூக்கி இருக்க வேண்டும். லிமிடெட் ஸ்லிப் டிஃப் (பின் சக்கரம் ஒன்று மட்டும் தனியாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) உள்ள வண்டியில் ஒரு சக்கரம் தரையில் இருந்தால் மற்றது சுற்றாது. கேலிப்பர் இறுகிவிட்டது என்று தவறாக நினைப்பீர்கள். கியர் நியூட்ரல்.

கால்பிரேக்கை நாலைந்து முறை மிதித்து விடுங்கள். ஹேண்ட்பிரேக்கை ஒருமுறை இழுத்து விடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் வருவது சரி. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தால் தப்பு.

இறுகியிருந்தால், முதலில் அந்தக் கேலிப்பரின் பிளீடு நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திறப்பு) ட்யூப் மாட்டி அரைச் சுற்றுத் திறங்கள். ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் குற்றவாளி கேலிப்பர் இல்லை, ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் உள்பக்கம் உப்பி ஒருவழி வால்வு போல வேலை செய்யும், ஆயில் போகும், திரும்பி வராது. விடுபடவில்லையா? நிப்பிளை மூடிவிட்டு ஹேண்ட்பிரேக் கேபிளைக் கேலிப்பர் லீவரிலிருந்து கழற்றுங்கள். லீவர் சட்டென்று ஸ்டாப்பரில் போய் முட்டினால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது, அல்லது யாரோ ஏற்கெனவே அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். கேபிள் கழன்ற பிறகும் லீவர் பாதியில் நின்றால் தண்டு. லீவர் ஸ்டாப்பரில் முட்டி நிற்கிறது, சக்கரம் மட்டும் விடவில்லை என்றால் ஸ்லைடர் பின் (கேலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஆணி), அல்லது பேட் தன்னைத் தாங்கும் பிராக்கெட்டில் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டனே துருவில் ஒட்டியிருக்கிறது.

பேடைக் கழற்றும்போது தேய்மானத்தைப் பாருங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்லைடர் ஓடவில்லை. பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை மட்டும் தள்ளுகிறது, கேலிப்பர் நகர்ந்து வெளிப் பேடை இழுக்கவில்லை. ஒரு பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு ஸ்லைடர் பின்னில் ஒன்று இறுகியிருக்கிறது. இரண்டு பேடும் ஒரே அளவாக, ஆனால் மறுபக்கச் சக்கரத்தை விட வேகமாகத் தேய்ந்திருந்தால் லீவர் தண்டைச் சந்தேகப்படுங்கள்.

சாவிக்கொத்து:

மிக்க நன்றி. சொன்ன வரிசையில் பார்த்தாயிற்று. நிப்பிளைத் திறந்தும் மாற்றமில்லை. கேபிளைக் கழற்றியதும் இடது லீவர் பாதி தூரம் வந்தது, ஸ்டாப்பருக்கு 3 மி.மீ. முன்னால் நின்றது. விரலால் தள்ளினால் போய் முட்டுகிறது, தானாகப் போகவில்லை. வலது லீவர் தானாகவே முட்டுகிறது. இடது உள் பேட் 3 மி.மீ., வெளிப் பேட் 7 மி.மீ. ஆக தண்டு, ஸ்லைடர் இரண்டுமா?

வல்லைவெளி:

ஓம், ரெண்டும்தான். பயப்பிடாதேங்கோ. விரலாலை தள்ளினா லீவர் போகுதெண்டா தண்டு இன்னும் செத்துப்போகேல்லை. முதல்லை ஸ்லைடரையும் பிராக்கெட்டையும் வடிவாச் செய்யுங்கோ, பிறகு தண்டைப் பாப்பம்.

ஜி கிளாம்பை பெட்டிக்குள்ளை வையுங்கோ. முன் பிறேக்கிலை பிஸ்டனை அமத்தி உள்ளை தள்ளுற மாதிரி இதிலை செய்யக்கூடாது. பிஸ்டனுக்குப் பின்னாலை மரைத்தண்டு இருக்கு, அமத்தினா அந்த மரையும் சரிசெய்யிற பொறியும் போயிடும். கடையிலை விக்கிற, பிஸ்டன் முகத்திலை ரெண்டு முளையை வைச்சுத் திருப்புற கருவியும் இதுக்கு இல்லை, அது வேறை வண்டிகளுக்கு. இந்தக் கேலிப்பரின்ரை முதுகிலை 14 மி.மீ. தலையோடை ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழட்டினா உள்ளுக்கு 4 மி.மீ. ஆலன் கீ போற ஓட்டை. பின்னாலை நிண்டு பாக்கேக்கை இடப்பக்கமாச் சுத்தினா பிஸ்டன் உள்ளை வரும், வலப்பக்கமாச் சுத்தினா வெளியிலை போகும். மலிவான ஆலன் கீ வேண்டாம். ஓட்டைக்குள்ளை ஊத்தை இருந்தா முதல்லை அதைத் துப்புரவாக்கி, கீயை அடிமட்டும் இறக்கிப்போட்டுத்தான் திருப்ப வேணும். மூலை மழுங்கினா கேலிப்பரைத் தூக்கி எறியவேண்டியதுதான்.

பிஸ்டன் உள்ளை வரேக்கை ஆயில் மேலை தாங்கிக்கு (பிறேக் ஆயில் டப்பாவுக்கு) திரும்பும். தாங்கி நிறைஞ்சிருந்தா வெளியிலை வழிஞ்சு பெயின்ரைத் தின்னும், முதலே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கோ.

பேட்டுகளுக்கு மேலை எம் வடிவத்திலை ஒரு கம்பி ஸ்பிரிங் இருக்கும், அது எப்பிடி நிக்குதெண்டு ஒரு படம் எடுத்து வையுங்கோ. கேலிப்பரைக் கழட்டினா ஹோஸிலை தொங்க விடாதேங்கோ, கம்பியாலை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கிலை கட்டுங்கோ.

இப்ப பிராக்கெட். கன பேர் விடுற பிழை இஞ்சைதான். பேட்டின்ரை காது உக்காருற இடத்திலை மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு இருக்கும். தகடு மினுங்கும், நல்லா இருக்கெண்டு நினைப்பியள். அதைக் கழட்டிப் பாருங்கோ, கீழை இரும்பு பொருக்குப் பொருக்கா வீங்கியிருக்கும். துரு இரும்பை விட கன இடம் பிடிக்கும், அது தகட்டை உள்ளுக்குத் தள்ளி பேட்டின்ரை காதை நெரிக்கும். புதுப் பேட் போட்டாலும் சுத்தியலாலை தட்டித்தான் உள்ளை போகும், தட்டிப் போட்ட பேட் திரும்பி வராது. வயர் பிரஷ் காணாது. தட்டையான அரத்தாலை வெள்ளை இரும்பு தெரியுமட்டும் அராவுங்கோ, ஆனா இரும்பைத் தின்னாதேங்கோ. புதுத் தகடு போடுங்கோ, பேட் பெட்டியிலை வராட்டி தனியா வாங்கலாம். பேட் விரலாலை தள்ளினா உள்ளை போகவேணும், விரலாலை இழுத்தா வெளியிலை வரவேணும். இதுதான் அளவு.

பிறேக் தூசியை காத்தடிச்சு ஊதாதேங்கோ. பிறேக் கிளீனரை அடிச்சு நனைச்சுத் துடையுங்கோ.

ஸ்லைடர் பின்னைத் திருப்பித் திருப்பி இழுத்து வெளியிலை எடுங்கோ. பழைய கிரீஸ் பிசின் மாதிரிக் காஞ்சிருக்கும். பின்னிலை பள்ளம் விழுந்திருந்தா, உப்புத்தாள் போட்டுச் சமாளிக்காமல் புதுப் பின்னும் பூட்டும் வாங்குங்கோ, பெரிய விலையில்லை. பின் போற ஓட்டைக்குள்ளையும் துணி சுத்தின குச்சியாலை துப்புரவு செய்யவேணும். கிரீஸ் எண்டா சிலிக்கோன் கிரீஸ், இல்லாட்டி சிவப்பு றப்பர் கிரீஸ். சாதாரண பெற்றோலியக் கிரீஸ் பூட்டை உப்ப வைக்கும், உப்பின பூட் பின்னைத் திரும்பவும் இறுக்கும். செப்புக் கிரீஸ் பேட்டின்ரை முதுகிலை, காதிலை மெல்லிசாப் பூசலாம், றப்பருக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. ஓட்டை நிரம்பக் கிரீஸை அடைச்சாலும் பிழை: காத்து அடைபட்டு பின்னை வெளியிலை தள்ளும்.

கடைசியா, 3 மி.மீ. இருக்கிற பேட்டைத் திருப்பிப் போடாதேங்கோ. எம்ஓடியிலை 1.5 மி.மீ. வரைக்கும் விடுவினம், அது சட்டத்தின்ரை எல்லை. ரெண்டு பக்கமும் புதுசு போடுங்கோ. டிஸ்க்கையும் அளவுங்கோ: பின் டிஸ்க் புதுசிலை 9 மி.மீ., 8 மி.மீ. வந்தா மாத்தவேணும். ஓடர் பண்ண முதல் டிஸ்க்கின்ரை விட்டத்தையும் அளவுங்கோ. என்பியிலை பின்னுக்கு 231, 251, 276 எண்டு மூண்டு அளவு வந்தது. எஞ்சினை மட்டும் சொல்லி வாங்கினா பிழையானது வரும்.

14ஆம்_நம்பர்:

வல்லைவெளி சொன்ன ஸ்லைடர் வேலை முழுக்கச் சரி. தண்டு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. ஸ்டாப்பருக்கு 3 மி.மீ. முன்னால் நிற்கும் லீவர், அதுவும் உப்பு ரோட்டில் ஓடும் வண்டி என்றால் நான் அந்தக் கேலிப்பரை மாற்றத்தான் சொல்வேன்.

பூட்டைத் தூக்கி, ஊடுருவும் எண்ணெய் அடித்து, லீவரை நூறு தடவை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும், உண்மைதான். அன்றைக்குச் சோதித்தால் தேறும். ஆனால் தண்டின் சீல் உட்காரும் இடத்தில் துரு குழி பறித்திருக்கிறது, அந்தக் குழி எண்ணெய் அடித்தால் மூடாது. அடுத்த குளிர்காலத்தில் அதே இடம். எண்ணெய் உள்ளே சீலைத் தொட்டால் அதையும் உப்ப வைக்கும். பிரேக் ஆயில் என்று வாய்வழக்கில் சொன்னாலும் அது எண்ணெய் வகையே இல்லை, கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவம். அந்த ரப்பர்கள் அதற்கு ஏற்ப செய்தவை. தாது எண்ணெய் எந்த வடிவில் பட்டாலும் கெடும்.

சீல் கிட் வாங்கி முழுசாகப் பிரித்துச் செய்யலாமா? செய்யலாம், பிஸ்டன் பளபளப்பாக இருந்தால். பிஸ்டனை வெளியே எடுத்துப் பாருங்கள், பூட்டுக்கு உள்ளே இருந்த பகுதியில் நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் புதுப் பிஸ்டன் வேண்டும். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சதுரச் சீல் ஆயிலைத் தடுப்பதோடு நிற்பதில்லை. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது முறுகும், காலை எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை மயிரளவு பின்னே இழுக்கும். பேட் டிஸ்கை விட்டு விலகுவது அந்த மயிரளவில்தான். குழி விழுந்த பிஸ்டனில் அது நடக்காது. ஹேண்ட்பிரேக் பொறியைப் பிரிக்க ஆழத்தில் இருக்கும் லாக் வளையத்தை எடுக்க வேண்டும், அதன் பின்னால் ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை செய்பவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

பழையதைக் கொடுத்துப் புதுப்பித்த கேலிப்பர் வாங்கினால், மாட்டும் முன் மேஜையிலேயே மூன்று சோதனை. லீவரைக் கையால் இழுத்து விட்டால் சட்டென்று ஸ்டாப்பரில் முட்ட வேண்டும். 4 மி.மீ. கீயைப் போட்டால் இரண்டு பக்கமும் தங்குதடையின்றி சுற்ற வேண்டும். மூன்றாவது, பிளீடு நிப்பிள் மேல்பக்கம் வருகிறதா? இடது வலது மாறி வந்தால் போல்ட் எல்லாம் ஒழுங்காகச் சேரும், நிப்பிள் மட்டும் கீழே இருக்கும். காற்று மேலேதான் தங்கும். எத்தனை லிட்டர் ஊற்றிப் பிளீட் செய்தாலும் (காற்றை வெளியேற்றப் பார்த்தாலும்) பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

ஹோஸைக் கழற்றும் முன் பிரேக் பெடலை ஒரு கட்டையால் ஓர் அங்குலம் அழுத்தி வைத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) திறப்பு மூடிக்கொள்ளும், தாங்கி முழுவதும் தரையில் வடியாது. பிரேக் லைட் எரியும், பேட்டரி வயரை எடுத்துவிடுங்கள். ஹோஸைக் கேலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புதுச் செப்பு வாஷர், பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். இறுக்கம் 22 முதல் 29 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். கை பலத்தைக் காட்டினால் துளை போட்ட போல்ட் முறியும். கேலிப்பர் பிராக்கெட் போல்ட்டுகள் 49 முதல் 69.

ஒரு பக்கக் கேலிப்பரை மட்டும் மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாற்றலாம். பேடும் டிஸ்கும்தான் ஜோடியாக மாற வேண்டும். ஆனால் வலது பக்கப் பூட்டும் வெடித்திருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள், பிளீட் வேலை ஒருமுறையோடு போகும்.

வல்லைவெளி:

தண்டு விசயத்திலை 14ஆம் நம்பர் சொல்லுறது சரி. உப்பு இல்லாத ஊரிலை ஓடுற வண்டியெண்டா துப்புரவாக்கிப் பாவிக்கலாம். இந்த வண்டிக்கு மாத்துங்கோ. பழைய நிப்பிளைத் தொட முதல் நாளே ஊடுருவுற எண்ணெய் அடிச்சு விடுங்கோ, ஆறுமுகச் சொக்கற்றாலை மட்டும் கழட்டுங்கோ, பன்ரெண்டு முகம் வழுக்கும்.

முறுக்குவிசை:

பாகம் மாற்றுவது பாதி வேலை. சரிசெய்யும் வரிசையைத் தப்பாகச் செய்து புதுக் கேலிப்பரையும் கெடுப்பவர்கள் அதிகம், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே ஹேண்ட்பிரேக் லீவரடியில் இருக்கும் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். இரண்டு கேலிப்பர் லீவரும் ஸ்டாப்பரில் முட்டி நிற்க வேண்டும். இது இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பேட் தேயத்தேய பிஸ்டனை முன்னே கொண்டுவரும் தானியங்கிப் பொறி, லீவர் ஓய்வில் ஸ்டாப்பரில் இருக்கிறது என்ற கணக்கில்தான் வேலை செய்கிறது. கேபிள் லீவரைத் தூக்கிப் பிடித்திருந்தால் அந்தக் கணக்கு தப்பும். பேட் இடைவெளி சரியாக வராது, ஹேண்ட்பிரேக் மேலே மேலே வரும். மறுபடி கேபிளை இறுக்குவார்கள், லீவர் இன்னும் தூக்கும், பேட் உரசும். உங்கள் வண்டியின் 10 கிளிக்குக்குப் பின்னால் இந்தச் சுழலும் இருந்திருக்கலாம்.

அடுத்து பிளீட். ஆயில் டாட் 4 போதும், புது டப்பா. ஈரத்தை உறிஞ்சும் திரவம் அது: காய்ந்த நிலையில் டாட் 4 கொதிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி. போன வருடம் திறந்த டப்பாவை ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், பெயரில் அடுத்த எண் என்று நினைத்து இதோடு கலக்கவே கூடாது. 5.1 வேறு, அது கலக்கலாம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள், வலது ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. தாங்கி வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேலிப்பர். பேட் எல்லாம் போட்டு, கேலிப்பரை மாட்டி இறுக்கியாயிற்று. 4 மி.மீ. கீயை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே மற்றக் கையால் டிஸ்கைத் திருப்புங்கள். டிஸ்க் கனக்கும், பிறகு நிற்கும். நின்ற இடத்திலிருந்து மூன்றில் ஒரு சுற்று இடப்பக்கம் திருப்புங்கள். சுற்று எண்ணும் குழப்பம் வராமல் இருக்க கீயின் வளைந்த முனை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது என்று பாருங்கள்: 12இல் நின்றால் 8க்குக் கொண்டு வாருங்கள். 14 மி.மீ. மூடி போல்ட்டை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்க நீங்களே வழி வைத்ததாகும். இரண்டு பக்கமும் இதே மாதிரி. பிறகு கால்பிரேக்கை நிதானமாகப் பத்துத் தடவை அழுத்தி விடுங்கள். சக்கரம் லேசாக உரசிச் சுற்ற வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கேபிள். இரண்டு லீவரும் ஸ்டாப்பரில் இருக்கும்போதே அட்ஜஸ்டரை இறுக்கிக்கொண்டு வந்து, ஹேண்ட்பிரேக் 5 முதல் 7 கிளிக்குக்குள் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இறுக்கி முடித்ததும் கீழே போய் லீவர் இரண்டும் இன்னும் ஸ்டாப்பரைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் இடைவெளி தெரிந்தாலும் கேபிளைத் தளர்த்துங்கள். 7 கிளிக்குக்குள் வரவில்லை என்றால் கேபிளில் தேடாதீர்கள், மறுபடி ஆலன் கீ.

சக்கர நட்டு 110 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக, வண்டி தரையில் இறங்கியபின்.

ஓட்டும் முன் எஞ்சினைப் போட்டுப் பெடலை அழுத்துங்கள். முதல் மிதியில் கீழே போனால் வண்டியை நகர்த்தாதீர்கள். பேட் பதிய, காலியான ரோட்டில் மணிக்கு 50 மைலிலிருந்து 10 வரை எட்டுப் பத்து தடவை மிதமாக வேகம் குறைக்கவும், ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறவிடுங்கள், முழுசாக நிறுத்தி மிதித்துப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி டிஸ்கில் அச்சு விழும், அப்புறம் பெடல் துடிக்கும்.

சாவிக்கொத்து:

இடது பக்கம் புதுப்பித்த கேலிப்பர், இரண்டு பக்கமும் புதுப் பேடும் டிஸ்கும் (251 அளவு), தகடுகள், பின்கள் போட்டாயிற்று. வலது பூட்டில் வெடிப்பு இல்லை, லீவரும் சட்டென்று திரும்புகிறது, அதனால் விட்டுவிட்டேன். இடது பிராக்கெட்டில் தகட்டுக்குக் கீழே வல்லைவெளி சொன்னபடியே துரு அடுக்கடுக்காக வந்தது. ஹேண்ட்பிரேக் இப்போது 6 கிளிக்.

ஒரு சந்தேகம். பதினைந்து மைல் ஓட்டியபின் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரில் இடது டிஸ்க் 71 டிகிரி, வலது 64. இது சரியா? எம்ஓடியில் ஹேண்ட்பிரேக்குக்கு எவ்வளவு வேண்டும்?

முறுக்குவிசை:

71க்கும் 64க்கும் பயப்பட வேண்டாம். புதுப் பேட் இன்னும் முழுசாகப் பதியவில்லை. அளக்கும்போது இரண்டு பக்கமும் டிஸ்கில் ஒரே இடத்தைப் பாருங்கள், பளபளப்பான பரப்பில் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். கடைசி அரை மைல் பிரேக் அதிகம் போடாமல் உருட்டிக்கொண்டு வந்து அளந்தால் உரசுவது தனியாகத் தெரியும். ஒரு பக்கம் மற்றதைப் போல இரண்டு மடங்கு ஏறினால் மட்டும் மறுபடி தூக்குங்கள்.

எம்ஓடியில் உங்கள் வண்டி வகைக்கு ஹேண்ட்பிரேக் திறன் 16 சதவீதம் வேண்டும், கால்பிரேக் 50 சதவீதம். 16 என்பது குறைந்த அளவுதான், ஒழுங்காகச் சரிசெய்த வண்டி அதைத் தாராளமாகத் தாண்டும்.

100 மைல் ஓடியபின் ஒருமுறை கீழே பாருங்கள்: பேஞ்சோ போல்ட்டைச் சுற்றி ஈரம் இருக்கிறதா, லீவர் இரண்டும் ஸ்டாப்பரில் இருக்கின்றனவா, தாங்கியில் ஆயில் மட்டம் எங்கே. கிளிக் ஒன்று கூடியிருந்தால் அது பேட் பதிந்ததால், ஆலன் கீயில் மறுபடி எடுத்துவிடலாம்.

நெம்புகோல்:

ஒன்று சேர்க்கிறேன். குளிர்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஈரமான பேட் டிஸ்கோடு ஒட்டிவிடும், லீவரும் தண்டும் இழுபட்ட நிலையிலேயே துருவேறும். ஆனால் ஓட்டும் காலத்தில் நேர்மாறு: கியரில் மட்டும் நிறுத்திப் பழகியவர்களின் வண்டியில் தண்டு மாதக்கணக்கில் அசையாமல் இருந்தே இறுகுகிறது. ஓட்டும் நாளெல்லாம் ஹேண்ட்பிரேக்கை ஒருமுறையாவது முழுசாக இழுத்து விடுங்கள். உப்பு ரோட்டில் போய் வந்தால் பின் சக்கரங்களுக்கு உள்பக்கம், லீவர் இருக்கும் இடத்தில், சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷரை அந்தப் பூட்டில் காட்டாதீர்கள், அது உப்பை உள்ளே தள்ளும்.